அண்ணனுக்கு அது காட்டியது

மோதிரத்தைக் கழற்றினார், சங்கிலியைக் கழற்றினார், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிச் சட்டையைக் கொஞ்சம் தூக்கி இடுப்பிலிருந்து வெள்ளி அரைஞாணையும் அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார் அண்ணன், அது உடம்புச் சூட்டோடு இருந்தது, உலோகம் எதுவானாலும் காந்தம் இழுத்துவிடுமாம் என்று ஸ்கேன் எடுக்கும் பெண் சொன்னதையே எனக்குத் திரும்பச் சொன்னார், ஆனால் போனை மட்டும் தரவில்லை, கதவு வரைக்கும் கையிலேயே கொண்டுபோனார், அந்தப் பெண், அய்யா அதையும் குடுத்துருங்க என்ற பிறகுதான் திரும்பி வந்து நீட்டினார். “கடையிலருந்து மந்திரம் கூப்பிடுவான். வாழைத்தார் இறங்கியாச்சான்னு கேட்டு வச்சிக்க. ப மாதிரி கோடு இழுத்தா தெறக்கும்.” எட்டு மாதத்தில் என்னிடம் நேராக அவர் பேசியது இதுதான். காலையில் ஜங்ஷனிலிருந்து வரும்போதுகூட எனக்குச் சொல்ல வேண்டியதை ஆட்டோக்காரரிடம்தான் சொன்னார், ரயில்ல வந்தவுக காப்பி குடிச்சாவளா என்னமோ, நல்ல கடையாப் பாத்து நிறுத்துங்க என்று, ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நானும் வேண்டாம் என்பதை ஆட்டோக்காரரிடமே சொன்னேன். மகள் பிரசவத்துக்குப் பெங்களூர் போயிருக்கும் பிரம்மசக்தி மதினிதான் என்னைக் கூப்பிட்டது. செம்பகம், உங்க அண்ணன் கழுத்தத் திருப்ப முடியாம கிடக்காவ, கை வேற மரத்துப்போவுதுங்காவ, ஆள் துணை இல்லாம ஸ்கேனுக்குப் போவமாட்டாவ, ஆனா நான் கூப்பிட்டேன்னு சொல்லிராத. நான் சொல்லவில்லை. அவரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து தட்டுகிற சத்தம் வர ஆரம்பித்தது, யாரோ இரும்பு டிரம்மின் மேல் தொடர்ந்து அடிப்பதுபோல், நின்று, வேறொரு தாளத்தில் மறுபடி, இந்தச் சத்தத்துக்குள்ளா படுத்திருக்கிறார், அசையக்கூடாது என்றார்களே, சும்மா இருக்கும்போதே காலை ஆட்டிக்கொண்டிருக்கும் மனுஷன். என் மடியில் இரண்டு போன்கள். என்னுடையது எனக்குத் தெரியும், அது கையில் இருப்பதே சில நேரம் தெரியாது. அண்ணனுடையது பெரியது, ஓரத்தில் வாழைப்பால் கறை, மண்டிக்காரர்கள் கையில் எல்லாப் பொருளுக்கும் வந்துவிடும் அந்தப் பழுப்பு, கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. இதற்குள்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் நாங்கள் சண்டை போட்டோம். எதிரெதிரே நின்று போட்டிருந்தால் நடுவில் மதினி வந்திருப்பார், யாராவது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பார்கள், குடும்பக் குரூப்பில் யார் நடுவில் வருவது, எல்லோரும் படித்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர் வாழைத்தார்ச் சந்தையை பைபாஸ் பக்கம் மாற்றுவது உறுதியானதும் அண்ணன் எழுதியது இப்போதும் எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: நம்ம சந்தைய மூடுறான், என் தங்கச்சி வேலை பாக்குற சேனல் மூச்சு விடல, வாங்க வேண்டியத வாங்கிட்டாங்க. நான் அந்தச் சந்தைக்குக் கேமராமேனோடு வந்து இரண்டு நாள் நின்று எடுத்த செய்தி அதற்கு முந்தின வாரமே வெளியாகியிருந்தது. அண்ணன் அப்போது தேனிக்குத் தார் பிடிக்கப் போயிருந்தார். லிங்க் அனுப்பினேன். பதிலுக்கு அவர், காருக்குள் உட்கார்ந்துகொண்டு ஊடகமெல்லாம் விலைபோய்விட்டது என்று கத்துகிற ஒரு ஆளின் வீடியோவை அனுப்பினார். மறுபடி லிங்க். மறுபடி காருக்குள் ஆள். நான் குரூப்பை விட்டு வெளியே வந்தேன். வெளியே வந்தார் என்று ஒரு வரி அங்கே விழுந்திருக்கும், சின்ன எழுத்தில், நடுவாக.

என் செய்தி ஏன் அவரிடம் போய்ச் சேரவில்லை என்பதைத்தான் இந்த எட்டு மாதமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், கோபம் தீர்ந்துபோய் வெறும் கேள்வியாக அது மட்டும் மிச்சம் நிற்கிறது. எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது, அதில் ஒவ்வொரு செய்தியும் ஒரு கோடு, எத்தனை பேர் இந்த நிமிடம் பார்க்கிறார்கள் என்று ஏறும், இறங்கும். தலைப்பும் முகப்புப் படமும் வைப்பது என் வேலை. அல்காரிதம் என்று முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, அது என்றுதான் சொல்வோம், அது எடுத்துக்கிச்சு, அது எடுக்கல, அதுக்கு இந்த மூஞ்சி பிடிக்கல, மாமியாரைப் பற்றி மருமகள்கள் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு. சந்தைச் செய்தியை அது எடுக்கவில்லை. பதினாலு நிமிடப் படம், கோடு தரையோடு தரையாகப் போனது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை, தடுத்திருந்தால் அதையே செய்தியாக்கியிருப்போம். ஆல்பர்ட் சார் பேப்பர் காலத்து ஆசிரியர், அந்தக் காலத்தில் ஒரு செய்தி நின்றால் யார் நிறுத்தியது என்று தெரியுமாம், முதலாளியா, அமைச்சரின் உதவியாளரா, விளம்பரக்காரனா, அவன் அறைக்கு வெளியே போய் உட்காரலாமாம், திட்டலாமாம், ராஜினாமா செய்கிறேன் என்று மிரட்டலாமாம். இப்ப யார் ரூம் வாசல்ல போய் உக்கார, செண்பகவல்லி, என்று திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவர் கேட்டது வருத்தமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல் கேட்டார். அடுத்த நாள் அதே சந்தையிலிருந்து வேறொன்று வந்தது. தார் சுமக்கும் பேச்சித்தாய் நகராட்சி அதிகாரியைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்துகிறார், யாரோ போனில் எடுத்தது, ஒரு நிமிடம்கூட இல்லை, எதற்காகக் கத்துகிறார் என்பது அதில் இல்லை. அது அதை எடுத்துக்கொண்டது. கோடு சுவரைத் தாண்டிவிடும் போலிருந்தது. சாயங்காலம் எல்லாச் சேனலிலும் விவாதம், எங்களுடையதிலும்தான், பொது இடத்தில் ஒரு பெண் இப்படிப் பேசலாமா, நாலு பேர், இரண்டு பேர் பேசலாம், இரண்டு பேர் பேசக்கூடாது. பேசினார்கள், பேசினார்கள், ஒரு வாரம் நாடே பேச்சித்தாயின் வாயைப் பற்றிப் பேசியது, அந்த ஒரு வாரத்தில் சந்தைக் கதவைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய படத்தையும் போட்டோம். அதையும் அது எடுக்கவில்லை.

ப மாதிரி கோடு இழுத்தேன். மந்திரம் கூப்பிட்டால் போனைத் திறக்காமலே எடுக்கலாம், அது எனக்குத் தெரியும், ஆனாலும் இழுத்தேன். அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நிற்பதுபோல் இருந்தது, எல்லாம் தெரிந்த சாமான்தான், இருக்கிற இடம்தான் வேறு. வீடியோ செயலியைத் தொட்டேன். காருக்குள் கத்துகிற ஆள் முதலில் நிற்பான் என்று நினைத்தேன், அவன் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் இருந்தான். முதலில் ஒரு நாய், கிணற்றில் விழுந்ததை யாரோ கயிறு கட்டித் தூக்குகிறார்கள். அண்ணனுக்கு நாய் பிடிக்குமா? வீட்டுக்குள் நாய் வந்தால் அடிக்க ஓடுவாரே. அடுத்து பழைய வால்வு ரேடியோ ஒன்றைப் பிரித்து மாட்டுகிற கை, முகம் இல்லாமல் கை மட்டும். அடுத்து கடல் அலைச் சத்தம், தூக்கம் வர. அவருக்குத் தூக்கம் வரவில்லையா? எனக்கு என் போன் காட்டுவது எதுவும் இங்கே இல்லை. நேற்று முழுக்க நாடே கொந்தளிக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயம், அதற்காகத்தான் நேற்று மூன்று தலைப்பு மாற்றினேன், அது இந்தப் போனுக்குள் இருக்கும் நாட்டில் நடக்கவே இல்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது, நான் எப்போது நிற்கிறேன் என்று அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும், நிற்பது அண்ணன் இல்லை என்று அதற்குத் தெரியாது, அல்லது தெரியுமோ. பெண் விரல் மாதிரி இருக்கே, இன்னிக்கு அவர் ஏன் ரேடியோவில் நிற்கல, என்று யோசிக்குமோ. யோசிக்காது. ஆல்பர்ட் சார் சொல்வார், அதுக்கு யோசன கிடையாது, நம்ம தயக்கம்தான் அதுக்குச் சாப்பாடு. உள்ளே சத்தம் நின்றது. கதவைப் பார்த்தேன். மறுபடி வேறு தாளத்தில் ஆரம்பித்தது.

பார்த்த வீடியோக்கள் என்ற பக்கத்துக்குப் போனேன். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு சிவப்புக் கோடு, எவ்வளவு தூரம் பார்த்தார் என்பதற்கு. எங்கள் சுவர்த் திரையில் ஆயிரக்கணக்கானவர்களின் கோடுகளைப் பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு மனிதரின் கோட்டை, அதுவும் தெரிந்த மனிதரின் கோட்டைப் பார்த்ததில்லை. காருக்குள் கத்துகிறவனுக்கு அடியில் கோடு துணுக்காக நின்றது. எல்லாவற்றிலும் துணுக்குதான். எனக்கு அனுப்பிய வீடியோ எட்டு மாதம் கீழே கிடந்தது, தேடி எடுத்தேன், அதிலும் துணுக்குதான், தலைப்பைப் படித்திருக்கிறார், அந்த ஆள் வாயைத் திறந்திருக்கிறான், அனுப்பிவிட்டார். இதற்காகவா நான் குரூப்பை விட்டு வந்தேன் என்று சிரிப்பு வந்தது, எதிர் வரிசையில் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பேச்சித்தாயின் வீடியோவுக்கு அடியில் முழுக் கோடு. அண்ணன் கடைக்குத்தான் அவர் தார் இறக்குவார், தெரிந்த முகம், பார்த்திருப்பார். என் படம் எங்கேயும் இல்லை. அந்த வாரம் முழுக்க மேலும் கீழும் தேடினேன், துணுக்குகூட இல்லை, லிங்கைத் தொடவே இல்லை. அப்புறம்தான் மற்றவை கண்ணில் பட்டன, எப்படி இத்தனை நேரம் படாமல் இருந்தது, ஒரு வெள்ளைக் கோட்டு டாக்டர், இன்னொரு வெள்ளைக் கோட்டு டாக்டர், கை மரத்துப்போகிறதா அலட்சியம் வேண்டாம், கழுத்து வலி சாதாரணம் என்று நினைக்காதீர்கள், தண்டுவடக் கட்டியின் ஆரம்ப அறிகுறிகள், என் அப்பாவை நான் இழந்த கதை. எல்லாவற்றுக்கும் அடியில் கோடு முனைவரை போயிருந்தது. ஒன்றைப் பார்த்திருக்கிறார், அது இன்னொன்றைக் கொடுத்திருக்கிறது, அதையும் முழுதாகப் பார்த்திருக்கிறார், அது இன்னும் பயமான ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது, மழைக்காலத்தில் ஆரம்பித்து நேற்றுவரை. நடு நடுவே நாய், ரேடியோ, அலை. அப்பாடா என்று மூச்சு விட்ட இடங்கள் போலிருக்கிறது அவை. நான் தலைப்பு வைக்கிறவள், இந்தத் தலைப்புகளை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அலட்சியம் வேண்டாம் என்ற சொல்லை எந்த இடத்தில் வைத்தால் விரல் நிற்கும் என்று தெரியும். அந்த விரல் இந்தப் பழுப்பு விரலாக இருக்கும் என்று தெரியாது. மதினிக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் போனில் சொல்லியிருப்பார். கழுத்துப் பிடிப்பு என்றுதான் சொன்னார். கட்டி என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருப்பது இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, அதற்கு மட்டும் தெரியும். அப்பாவை நான் இழந்த கதையை இரண்டு தடவை பார்த்திருக்கிறார். யாரை நினைத்து, தன்னையா, தன் மகளையா.

கட்டியாக இருந்தால்? அந்த எண்ணம் வந்ததும் அதையும் ஒரு தலைப்பாகவே மனது எழுதியது, உடனே அழித்தேன். எதையாவது செய்யக் கை துடித்தது. ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்து, ஆர்வமில்லை என்று சொல்லிவிட்டால் போதும், பத்து நிமிட வேலை, டாக்டர்களைத் துரத்திவிடலாம், காருக்குள் இருப்பவனைத் துரத்தலாம், என் சேனலுக்குச் சந்தா போட்டு மணியையும் அழுத்திவிடலாம், அண்ணன் வெளியே வரும்போது அவருடைய உலகம் கொஞ்சம் நல்லதாக இருக்கும், ஏன் என்று அவருக்குத் தெரியாது. முதல் டாக்டரை அழுத்திப் பிடித்தேன். பட்டியல் விரிந்தது. விரல் அங்கேயே நின்றது. யாருக்கும் தெரியாமல் இன்னொருவர் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வது, நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு செய்வது, இதை எங்கோ குளிரூட்டிய அறையில் யாரோ இதே நல்ல எண்ணத்தோடு செய்திருப்பார்கள். பட்டியலை மூடினேன். அதற்குப் பதிலாக வேறொன்று தோன்றியது, குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும், என் படத்தைத் தேடி எடுத்து இந்தப் போனில் ஓட விட்டால் அது அடுத்து என்ன கொடுக்கும்? சத்தத்தைக் குறைத்து ஓட விட்டேன். பூட்டுவதற்கு முந்தைய சந்தை வந்தது, கற்பூரவள்ளித் தார்கள், செவ்வாழை, லாரியின் பின்கதவு, ஒரு வியாபாரி புது இடம் பள்ளம் என்கிறார், அதிகாரி எல்லாம் சரியாகும் என்கிறார். இடையில் அண்ணனின் கடை, பாதி இறங்கிய ஷட்டர். எட்டு மாதத்துக்குப் பிறகு பார்க்க எனக்கே படம் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது. முடிந்தது. கீழே அடுத்தது வந்து நின்றது, வட்டம் சுற்றியது: ஊடகங்கள் மறைத்த வாழைச் சந்தை உண்மைகள். காருக்குள் அதே ஆள், அதே சீட் பெல்ட். நான் எடுத்ததைப் பார்த்த உடனே நான் எடுக்கவில்லை என்பவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது, அதற்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் வாழை இருக்கிறது. அதன் மேல் கோபமே வரவில்லை. ஒரு பசுமாட்டின் முகத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. அப்போது மந்திரம் கூப்பிட்டார். அண்ணாச்சி, என்று ஆரம்பித்தவரிடம் நான் தங்கச்சி என்றேன், அவர் கொஞ்சம் தடுமாறி, தார் இறங்கிட்டு என்று சொல்லுங்க என்றார், பிறகு, அவுக எப்படி இருக்காவ, ரொம்ப நாளா முகமே சரியில்ல, கேட்டா கழுத்துங்காவ, என்றார்.

கதவு திறந்தது. அண்ணன் தலைமுடி கலைந்து, ஸ்கேன் அறையில் கொடுத்த பச்சை நாடா வைத்த சட்டையில், சின்னவராகத் தெரிந்தார். மந்திரம் சொன்னதைச் சொன்னேன், தலையாட்டினார், நகைகளை வாங்கினார், போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், பார்க்கவில்லை. அறிக்கை சாயங்காலம்தான் என்றாலும் அங்கிருந்த டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டுத் திரையில் படத்தைக் காட்டினார், கழுத்தெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டுக்கு நடுவில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, அதனால்தான் கை மரத்துப்போகிறது, பாரம் தூக்கக்கூடாது, உடற்பயிற்சி, மாத்திரை, பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும் என்றார். அண்ணன் கேட்டார், வேற ஒண்ணும் இல்லையே. இல்லை என்றார் டாக்டர். அண்ணன், கட்டி கிட்டி, என்று பாதியில் நிறுத்தினார். டாக்டர் திரையிலிருந்து திரும்பி அவரை நேராகப் பார்த்து, அப்படி எதுவுமே இல்லை அய்யா, முழுக்கப் பார்த்துவிட்டேன் என்றார். அண்ணன் எழுந்திருக்கும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

எதிரே ஒரு டீக்கடை, வெளியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்தோம். இப்போது நடுவில் ஆட்டோக்காரர் இல்லை. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வண்ணார்ப்பேட்டையின் பஸ்கள் ஒவ்வொன்றாக வெயிலில் திரும்பின. போனைப் பார்த்தேன் என்று சொல்லலாமா, சொன்னால் இன்னும் எட்டு மாதமா, சொல்லாமல் இருந்தால் அதைப்போல நானும் தெரிந்துவைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவள் ஆவேன், பார்த்ததைச் சொல்லாமல் கேட்கலாம், இல்லை, சொல்லிவிட்டே கேட்கிறேன்.

“அண்ணே, உங்க போன்ல பாத்தேன். என்னென்ன பாக்கீங்கன்னு. கட்டின்னு பயந்துட்டீங்களா?”

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். டீயை ஊதினார். ஒரு நாள் தெரியாமல் ஒன்றைப் பார்த்தாராம், அதிலிருந்து அது விடவே இல்லையாம், எழுந்தால் அதுதான், படுத்தால் அதுதான், தனக்கென்றே அனுப்புவதுபோல் இருந்ததாம், அப்புறம் உண்மையாகவே தனக்கு மட்டும்தான் சொல்கிறது என்று நம்ப ஆரம்பித்துவிட்டாராம். மதினியிடம் சொன்னால் பிரசவத்துக்குப் போகமாட்டார் என்று சொல்லவில்லை.

“என்னட்ட கேட்டிருக்கலாம்லா?”

“நீதான் குரூப்ப விட்டுப் போயிட்டியே.”

திட்டவில்லை, குறை சொல்லவும் இல்லை, ஒரு விலாசம் மாறிவிட்டது என்பதுபோல் சொன்னார். என் போன் நம்பர் மாறவில்லையே என்று வாய் வரைக்கும் வந்தது, அவர் நம்பரும் மாறவில்லை, நானும் கூப்பிடவில்லை என்பதும் கூடவே வந்தது, இரண்டும் வாய்க்குள்ளேயே நின்றன. டீ நன்றாக இருந்தது. பெரிய சூடு இல்லை. அவர் இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார், வாங்கிக் கலக்கினார், கலக்கிக்கொண்டே, சந்தையப் பத்தி எடுத்தேன் எடுத்தேன்னியே, நெசமாவே எடுத்தியா, என்று கேட்டார். காட்டுகிறேன் என்று என் போனை எடுத்தேன். எடுத்த வேகத்தில் அது என் உலகத்தை விரித்துக் காட்டியது, மூன்று தலைப்புகள், கொந்தளிப்பு. அண்ணன் கையை நீட்டித் திரையை மறைத்தார்.

“அத வையி. வாயால சொல்லு.”

சொன்னேன். இரண்டு நாள் நின்றது, மழை வந்து கேமராவுக்குக் குடை பிடித்தது, பேச்சித்தாய் எங்களிடம் முதலில் பேசவே மாட்டேன் என்றது, பிறகு பேச ஆரம்பித்து நிறுத்தாமல் பேசியது, அந்த அதிகாரியை அவர் திட்டியது எடைபோடும் இடத்தில் கூரை இல்லை என்பதற்காகத்தான் என்பது. அண்ணன் பஸ்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். புது இடத்தில் வாய்க்காலை மூடித்தான் தளம் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் தண்ணீர் கட்டுகிறது என்று நான் சொன்னபோது மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார். அது வாய்க்கால் இல்லையாம், பழைய வண்டிப் பாதையாம், எவனோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறானாம்.

“இல்லண்ணே. நகராட்சி வரைபடத்த நானே வாங்கிப் பாத்தேன். வாய்க்கால்தான்.”

“நாப்பது வருஷமா நடந்துபோற எனக்குத் தெரியாதா?”

“நடந்துபோனா வாய்க்கால் இல்லன்னு ஆயிருமா? தண்ணி இல்லாத காலத்துல எல்லாரும்தான் வாய்க்கால்ல நடப்பாங்க.”

இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவர் தினத்தாளை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார், சண்டை என்று நினைத்திருப்பார். அண்ணன் நாற்காலியை இழுத்து என் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார், முழங்காலும் முழங்காலும் இடிக்கிற அளவுக்கு.

“சரி, அந்த வரைபடத்துல எங்கன வாய்க்கால் போட்டிருக்கான், சொல்லு.”

டம்ளரின் ஈரத்தில் விரலைத் தொட்டு மேஜையில் வரைய ஆரம்பித்தேன். அவரும் தன் விரலைத் தொட்டு மறுபக்கத்திலிருந்து ஒரு கோடு இழுத்தார்.